காட்டிக் கொடுக்கும் பெட்டி

அந்தப் பள்ளிக்கூடத்தில் நூலகம் எங்கே என்று கேட்டால், பிள்ளைகள் முதலில் கழிப்பறைக்கு வழி சொல்லிவிட்டு, "அதுக்கு எதிர்ல" என்பார்கள். நூலகத்தின் செல்வாக்கு அவ்வளவுதான். உள்ளே சுவரோரம் இரும்பு அலமாரிகள், நடுவில் நீள மேஜை, தலைக்கு மேல் கறக் கறக்கென்று சுற்றும் ஒரு மின்விசிறி. அதற்குக் கீழே காலை மணியிலிருந்து மாலை மணிவரை ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பாள். யாராவது வந்து வாயைத் திறந்தால் விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்பாள். யாரும் வராத நாட்களில் அந்த மின்விசிறியைப் பார்த்தே அப்படிச் சொல்வாள் என்று ஆய்வக உதவியாளர் சத்தியம் செய்திருக்கிறார். அதனால் அவளுக்கு உஷ் மிஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

வகுப்புகள் தொடங்கிய வாரம் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, அதாவது எல்லோருக்கும் பெரிய மேடம், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த லைப்ரரி ரூம்ல காத்துதான் உக்காந்து படிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இயற்பியல் மாஸ்டர் மட்டும் தேவைக்கு மேல் சிரித்தார். அவருக்கு அந்த அறைமீது ரொம்ப நாளாகக் கண். நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய மேடம் தீர்ப்பைச் சொன்னார். ஆண்டுத் தேர்வுக்குள் பிள்ளைகள் நூலகத்துக்கு வரத் தொடங்க வேண்டும். வராவிட்டால் அறை பயிற்சி வகுப்புக்கு, புத்தகங்கள் மூட்டைக்கு. உஷ் மிஸ், லீவு போட்ட டீச்சர்களின் வகுப்பில் போய்ப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது. "அதுக்கு உங்களைவிட்டா நமக்கு யாரு இருக்கா?" என்று பாராட்டுகிற குரலில் ஒரு குத்து வேறு.

அன்று மத்தியானம் உஷ் மிஸ் சாப்பிடவில்லை. தமிழம்மாதான் ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிட வைத்தாள்.

தமிழம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தமிழ் டீச்சர். உஷ் மிஸ்ஸுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே சினேகிதி. மத்தியானமானால் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிடுவாள். 'உணவுப் பொருட்கள் கொண்டுவரக் கூடாது' என்று பலகை தொங்கும் அதே சுவருக்கு எதிரே, நிலப்பட அலமாரிக்குப் பின்னால் இரண்டு முக்காலி போட்டுக்கொண்டு இருவரும் சாப்பிடுவார்கள். அங்கே அலசப்படாத ஆள் கிடையாது. உஷ் மிஸ்ஸின் வீட்டுக்காரர் விடுகிற குறட்டையின் ராகம்வரை தமிழம்மாவுக்குத் தெரியும். தமிழம்மாவின் நாத்தனார் யார் யாரிடம் என்னென்ன சொல்லிப் புலம்பினாள் என்பது உஷ் மிஸ்ஸுக்கு மனப்பாடம்.

தமிழம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்தில் எங்கே ஒற்று விட்டுப்போயிருந்தாலும் கை நமநமக்கும். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எதையும் விடமாட்டாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வெளியே வரும். ஒருமுறை பேருந்தில் முன் இருக்கையின் முதுகில் யாரோ எழுதி வைத்திருந்த காதல் வாசகத்துக்கே ஒரு 'க்' போட்டுவிட்டு வந்தவள் அவள்.

நூலகத்தைக் காப்பாற்றும் யோசனை குளியலறையில் கிடைத்தது. விடுமுறைக்கு வந்து போன அக்கா மகள் ஒரு நாவலை அங்கே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஈரமாகிவிடுமே என்று எடுத்த உஷ் மிஸ், எடுத்த இடத்திலேயே நின்று படிக்க ஆரம்பித்தாள். வெளியே வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துவிட்டார். கதை ஒரு நகரத்தைப் பற்றியது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு ஒரு சொல்லை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்த சொல்லை அப்புறம் யாரும் உச்சரிக்கக் கூடாது. ஒரு பெண் மட்டும் 'நாளைக்கு' என்கிற சொல்லை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு தப்பிக்கிறாள்.

இந்த மாதிரிக் கதைகளுக்கு டிஸ்டோபியன் என்று பெயர், பதின்வயதுப் பிள்ளைகள் இதற்காக உயிரை விடுகிறார்கள் என்று அக்கா மகள் போனில் விளக்கினாள். "சித்தி, உங்க ஸ்கூல்ல இது ஒண்ணுகூட இல்லையா? அப்புறம் எவன் வருவான்?"

உஷ் மிஸ் நிர்வாகத்தை நச்சரித்து ஒரு அலமாரி நிறைய வாங்கிப் போட்டாள். கடன் வாங்காமல் பிள்ளைகளை வளர்க்கவே முடியாத நாடு, கனவுகளைக் காலையில் சாவடியில் காட்டிவிட்டுப் போக வேண்டிய ஊர், அம்மாக்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொடுக்கும் தீவு என்று உலகத்தில் இல்லாத கொடுமையெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் அவளே ஒரு மூச்சு படித்தும் முடித்தாள். வாசலில் அழகாக ஒரு அறிவிப்பும் ஒட்டினாள்: 'டிஸ்டோபியன் இளையோர் புனைவுகள். படிப்போம், பயன்பெறுவோம்.'

ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

தமிழம்மா அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பயன்பெறுவோம்னு போட்டா எவன்டி வருவான்? கொசு மருந்து அடிச்ச மாதிரி இருக்கு. சரி, டிஸ்டோபியான்னா என்ன?"

"எல்லாம் நாசமாப் போன உலகம்."

"அப்ப அதையே எழுதேன்."

அப்படித்தான் அந்த அலமாரிக்கு 'நாசமாய்ப்போன உலகம்' என்று பெயர் வந்தது. வீட்டில் திட்டு வாங்கும்போது மட்டும் கேட்ட சொல் பள்ளிக்கூடச் சுவரில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்ததுமே பிள்ளைகள் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தமிழம்மாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்தபடி, சாப்பிட்ட கையைக் கழுவாமல் அடுத்த திட்டத்தையும் சொன்னாள். "தொடாதேன்னு போடு. தொட்டவங்களைப் போட்டுக்கொடுக்க ஒரு பெட்டி வை. மாட்டினவனுக்குத் தண்டனை, அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சே ஆகணும். போட்டுக்கொடுத்தவன் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. அதான்டி இதுல ருசியே."

பெட்டிக்கு என்ன பெயர்? உஷ் மிஸ் பட்டைப் பேனாவால் 'காட்டிக்' என்று எழுதிவிட்டு அதோடு ஒட்டியே மீதியை எழுதப் போனாள். தமிழம்மா கையைப் பிடித்தாள்.

"இரு இரு. ஒட்டி எழுதாத. நடுவுல இடம் விடு."

"எதுக்கு?"

"சேர்த்து எழுதினா துரோகம். பிரிச்சு எழுதினா என்ன? நல்ல புத்தகத்தைக் காட்டி, கையில கொடு. அது தொண்டு. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா தொண்டுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்."

உஷ் மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, புரையேறியது. தமிழம்மா அவள் முதுகில் தட்டிக்கொண்டே, "துரோகத்துக்கும் தொண்டுக்கும் நடுவுல ஒரு விரல் இடம்தான்டி" என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வருஷக்கணக்கில் அந்த அறையில் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை. அன்றைக்கு யாரும் உஷ் சொல்லவில்லை.

காட்டிக் கொடு. நடுவில் ஒரு விரல் இடம்.

அப்புறம் நடந்ததைப் பள்ளிக்கூடமே பார்த்தது. இடைவேளை மணி அடித்தால் கழிப்பறைக்கு ஓடுகிற கூட்டம் பாதி வழியில் எதிர்க் கதவுக்குள் நுழைந்தது. தாங்கள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அலமாரியை ஒட்டி உரசிக்கொண்டு நடந்தார்கள். தன்னை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அழுதான். 'கண்ணாடி போட்டவள் அம்மா மாற்றும் தீவை முகர்ந்து பார்த்தாள்' என்று சீட்டு விழும். கண்ணாடி போட்டவள் தண்டனையை வாங்கிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முடியாமல் ஓடுவாள். விளையாட்டு மாஸ்டரையே யாரோ மாட்டிவிட்டார்கள். மனிதர் விசில் வாயில் இருக்க, மைதானத்து நிழலில் நின்று கனவுச் சாவடிக் கதையைப் படித்தார். பந்து வந்து முழங்காலில் பட்டது. அதற்கும் அவர் விசில் அடிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் பெரிய மேடம், "லைப்ரரி இப்ப உயிரோட இருக்கு போல" என்றார். இயற்பியல் மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார். தமிழம்மா எழுந்து நின்று, "நாங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சது மேடம்" என்றாள். நாங்க. உஷ் மிஸ்ஸுக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் அதை இரண்டு தடவை சொல்லிக்காட்டினாள். "நீ யோசிச்சதுக்கு அவங்க எதுக்கு எந்திரிச்சாங்க?" என்று அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை. விழுந்தாலும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டாள்.

இனிமேல்தான் வினை.

பெற்றோர்கள் குரூப் ஒன்று உண்டு. அதை நடத்துகிறவளுக்கு அட்மின் அக்கா என்று பெயர். அவள் மகள் ஏழாம் வகுப்பு, தமிழம்மாதான் வகுப்பாசிரியை. அந்தப் பெண் நாசமாய்ப்போன உலகத்தின் முதல் குடிமகள் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டுக்குப் போகப் பிடிக்காத அட்மின் அக்கா, போனில் இருமிக்கொண்டே தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மகளிடம் போனைக் கொடுத்தாள். மகள் போனை வாங்கி, பளிச்சென்று, "பாட்டி, அம்மாவைக் காட்டிக் கொடுக்கிறேன். காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, காலைலேர்ந்து முகத்துக்கு என்னமோ பூசிட்டு உக்காந்திருக்காங்க" என்றாள். தண்டனையாக அம்மாவுக்கு ஒரு புத்தகம் வரும், அதைத் தானும் படிக்கலாம் என்றும் நம்பினாள்.

மாமியார் என்ன பதில் சொன்னார் என்பது தெருவரை கேட்டதாம். மறுநாள் குரூப்பில் அட்மின் அக்கா எழுதியதில் மாமியாரும் இல்லை, காய்ச்சலும் இல்லை, முகப்பூச்சும் இல்லை. 'நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒற்று வேலை கற்றுத்தருகிறார்கள்' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே கோப முகங்கள் வரிசை கட்டின. விளையாட்டில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு அலைந்ததைப் பார்த்த அப்பா அம்மாக்களும் கும்பலோடு கோபப்பட்டார்கள்.

விஷயம் பெரிய மேடம் காதுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை விசாரணை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இயற்பியல் மாஸ்டர்தான் தூபம் போட்டிருப்பார் என்று உஷ் மிஸ் முடிவே கட்டிவிட்டாள். தமிழம்மா நிலப்பட அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டு, "இருக்கும் இருக்கும்" என்று தலையாட்டினாள். அந்த வாரம் அவள் சாப்பாட்டை வேகமாக முடித்துக்கொண்டு போனதை உஷ் மிஸ் கவனித்தாள். விடைத்தாள் திருத்துகிற நேரம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குடி. அறை போச்சுன்னா நான் எங்க போய் உக்கார்றது?"

"பேசாம இரு. பெட்டியில நடுவுல விட்ட இடத்தைக் காட்டிப் பேசு, மீதியை நான் பாத்துக்கறேன். நான் இருக்கேன்ல?"

அந்த நம்பிக்கையில் உஷ் மிஸ் வெள்ளிக்கிழமை நல்ல புடவையாக ஒன்று கட்டிக்கொண்டு போனாள்.

பெரிய மேடம் அறையில் கண்ணாடி போட்ட மேஜை. ஒரு பக்கம் அட்மின் அக்கா, தலைவலி வந்தவள் மாதிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் ஒழுங்குக் குழு என்ற பெயரில் இயற்பியல் மாஸ்டர். இந்தப் பக்கம் வகுப்பாசிரியை என்ற முறையில் தமிழம்மா. உஷ் மிஸ் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், முழங்கை படுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். பெட்டி மேஜைமேல் இருந்தது. யாரோ அதைக் காலி செய்திருந்தார்கள்.

"பிள்ளைங்களை ஒருத்தரை ஒருத்தர் போட்டுக்கொடுக்கப் பழக்கறீங்கன்னு புகார்" என்றார் பெரிய மேடம்.

உஷ் மிஸ் தயாராக வைத்திருந்ததை எடுத்தாள். "மேடம், பெட்டியில எழுதியிருக்கறதைப் பாருங்க. அது காட்டிக்கொடு இல்ல. காட்டிக் கொடு. நடுவுல இடம் விட்டிருக்கு. நல்ல புத்தகத்தை எடுத்துக் காட்டி, இன்னொருத்தர் கையில கொடுக்கறது. அது ஒரு…"

"தொண்டு" என்றார் பெரிய மேடம்.

உஷ் மிஸ் மகிழ்ந்துபோனாள். எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டுவிட்டார்.

பெரிய மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "துரோகத்துக்கும் தொண்டுக்கும் நடுவுல ஒரு விரல் இடம்தான்னு சொல்லிச் சிரிச்சீங்களாமே. யாராவது கேட்டா தொண்டுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னும் பேசி வச்சீங்களாம்."

அந்தப் பேச்சு நடந்தபோது நிலப்பட அலமாரிக்குப் பின்னால் இருந்தது மொத்தம் மூன்று பேர்: உஷ் மிஸ், தமிழம்மா, மின்விசிறி. மின்விசிறி பெரிய மேடத்திடம் போய்ப் பேசியிருக்க வாய்ப்பில்லை.

உஷ் மிஸ் உடனே திரும்பவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும் என்று கழுத்து அடம்பிடித்தது. எதிரே இயற்பியல் மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். பாவம், அவருக்கே அந்தச் செய்தி புதிது. வாயைப் பிளந்துகொண்டிருந்தார். ஒரு வாரமாக அவரை மனசுக்குள் வைத்து வறுத்தெடுத்தது வீண்.

"இந்த வார்த்தை விளையாட்டு யாரோட யோசனை?" என்றார் பெரிய மேடம்.

இப்போது திரும்பினாள். தமிழம்மா மேஜைமேல் கிடந்த ஒரு சுற்றறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சிவப்புப் பேனா. சுற்றறிக்கையில் எங்கேயோ விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தை அவள் கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் இவள் குடி முழுகுகிறது, அவள் அந்த எழுத்துக்குப் புள்ளி வைக்கிறாள்.

உஷ் மிஸ் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் இடம் விட்டாள். அவ்வளவு பெரிய இடம் ஒன்றும் இல்லை. ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, 'நாங்க ரெண்டு பேரும்' என்று தொடங்கப் போதுமான இடம். முன்பு யாரும் கேட்காமலே எழுந்து நின்று சொன்னவள்தானே.

தமிழம்மா தொண்டையைச் செருமினாள்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், இந்த மாதிரி வார்த்தை பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு. அவங்க ஆர்வத்துல பண்ணிட்டாங்க. கெட்ட எண்ணமெல்லாம் இல்ல. அவங்க மனசு எனக்குத் தெரியும்."

அவங்க. ஒரே மூச்சில் இரண்டு அவங்க. நல்லவள் என்று சான்றிதழ் வேறு.

"அப்படியா மிஸ்?" என்று பெரிய மேடம் இவளைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்ல இதைவிட நேரம் ஏது? 'அடி பாதகி' என்று தொடங்கி, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து அவள் திட்டம் போட்டது முதல் எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். கேட்கிறவர்களுக்கும் பொழுது போயிருக்கும். உஷ் மிஸ் பெருந்தன்மையால் விட்டுவிட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளும் பிள்ளைகளைச் சிரிக்கச் சிரிக்கச் செய்ய வைத்த அந்தக் காரியம், நிஜமாகச் செய்யும் முறை தனக்கு வந்தபோது, வாயில் வரவில்லை. அவ்வளவுதான்.

"என்னோடதுதான் மேடம்" என்றாள்.

முழங்கை படுகிற தூரத்தில் ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சில் இருந்த நிம்மதிதான் உஷ் மிஸ்ஸை எரித்தது.

தீர்ப்பு அப்போதே தயாராக இருந்தது போலும். பெரிய மேடம் யோசிக்கக்கூட இல்லை. பிள்ளைகள் வருகிறார்கள், அதனால் அறையை எடுக்கப் போவதில்லை. இயற்பியல் மாஸ்டர் செருப்பைப் பார்த்தார். ஆனால் இனிமேல் நூலகத்துக்கு மேலே வாசிப்புக் குழு என்று ஒன்று இருக்கும். தமிழம்மா அதற்குத் தலைவி. எந்தப் புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போகலாம் என்று அவள் பார்த்துச் சொல்வாள். நாசமாய்ப்போன உலகத்துக்குப் பூட்டு, சாவி தலைவியிடம். உஷ் மிஸ் காலையில் மட்டும் நூலகத்தைத் திறந்து வைத்தால் போதும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் லீவு போட்டவர்கள் வகுப்புக்குப் போக வேண்டும்.

அட்மின் அக்கா, "நல்ல முடிவு மேடம்" என்று இருமினாள். பழக்கதோஷம்.

எடுத்துப் போன புத்தகங்களை எல்லாரும் திருப்பித்தர வேண்டும் என்று திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உஷ் மிஸ்ஸுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அந்தக் கதைகளில் வருகிற பிள்ளைகள் சும்மாவா இருக்கிறார்கள்? புத்தகத்தை எரிக்க வந்தால் மனப்பாடம் செய்கிறார்கள், சுவரேறிக் குதிக்கிறார்கள், ஒரு சொல்லுக்காக நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். இவர்கள் அத்தனை கதையையும் கரைத்துக் குடித்தவர்கள். ஒருத்தராவது தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்ல மாட்டார்களா?

இடைவேளை மணி அடித்தது. வரிசை வந்தது. அட்டை போட்டு, பெயர் ஒட்டி, மூலை மடங்காமல் வைத்திருந்து கொண்டுவந்து அடுக்கினார்கள். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை என்று முன்னே அழுத எட்டாம் வகுப்புப் பையன், "மிஸ், நான்தான் ஃபர்ஸ்ட் கொடுத்தேன்னு எழுதிக்கோங்க" என்றான். கண்ணாடி போட்டவள், இன்னும் கொண்டுவராதவர்கள் யார் யார் என்று தனக்குத் தெரியும் என்றாள். உஷ் மிஸ் கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொல்லிவிட்டுப் போனாள்.

விளையாட்டு மாஸ்டர் மட்டும் நான்கு நாள் கழித்து, இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி என்று வருத்தத்தோடு கொடுத்தார். புத்தகத்தின் நடுவில் விசில் கயிறு கிடந்தது.

வீட்டில் உஷ் மிஸ் முழுதும் சொன்னபோது வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார், "நீ படிச்ச அந்தப் புத்தகத்துல எல்லாம் கடைசில யாரு காட்டிக்கொடுப்பா?"

அவள் யோசித்தாள். "கூடவே இருக்கறவதான்."

"எல்லாத்துலயுமா?"

"அனேகமா எல்லாத்துலயும்."

"அலமாரி நிறையப் படிச்சியேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். அவர் குரலில் கேலி கம்மியாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாப்பிட்ட தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தமிழம்மா அந்த வாரம் முழுக்க நூலகப் பக்கம் வரவில்லை. அடுத்த வாரம், ஒன்றுமே நடக்காத மாதிரி, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிலப்பட அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். முக்காலி ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் பழைய நாளிதழ்க் கட்டு.

"இன்னொண்ணு எங்கடி?"

உஷ் மிஸ் தன் மேஜையிலிருந்து எழுந்திருக்கவில்லை. சுவரில் தொங்கிய பலகையைக் கையால் காட்டினாள். உணவுப் பொருட்கள் கொண்டுவரக் கூடாது.

தமிழம்மா பலகையைப் படித்தாள். வேறு நாளாக இருந்தால் அதில் ஏதாவது பிழை கண்டுபிடித்திருப்பாள். டப்பாவை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோவமா இருக்கே. நியாயம்தான். ஆனா நான் சொல்றதையும் கேளு. அந்தம்மா புகார் கொடுத்த அன்னிக்கே மேடம் என்னைத் தனியா கூப்பிட்டுட்டாங்க. எல்லாம் தெரிஞ்ச மாதிரியே கேட்டாங்கடி. நானும் சும்மா, சிரிச்சுக்கிட்டே, தமாஷா இருக்கட்டுமேன்னு அந்த விரல் இடம் விஷயத்தைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. அதுக்கப்புறம் அது நான் சொன்னதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? என் நிலைமையை யோசிச்சுப் பாரு."

"அப்ப அந்த வாரம் பூராவும் உனக்குத் தெரியும்."

"சொல்லணும்னுதான் தினம் வந்தேன். நீ வேற இயற்பியல் மாஸ்டரைத் திட்டிட்டே இருந்தே. நடுவுல எப்படிச் சொல்றது?"

"இடமே விடலையா நான்?"

தமிழம்மா பேச்சை மாற்றினாள். "அந்தப் பதவியை நானா கேட்டேன்? கொடுத்தாங்க. நான் இருந்தா உனக்கும் நல்லதுதானே. கொஞ்ச நாள் போகட்டும், நானே திறந்து விடறேன். ஆனா ஒண்ணு, நீ அன்னிக்கு வாயைத் திறக்கல பாரு, அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். நீ நல்லவடி."

உஷ் மிஸ் மேஜை இழுப்பறையைத் திறந்து, பழைய சீட்டு ஒன்றை எடுத்தாள். எழுதாத வெறும் சீட்டு. அதைத் தமிழம்மா முன்னால் நகர்த்தினாள்.

"உன்னை யாரோ காட்டிக் கொடுத்திருக்காங்க."

"பெட்டியைத்தான் எடுத்துட்டாங்களே?"

"பெட்டிதான் போச்சு. பழக்கம் போகல."

"என்னவாம்?"

"அந்த அலமாரியில இருக்கற ஒரு புத்தகத்தைக்கூட நீ பிரிச்சுப் பார்த்ததில்லையாம். பேரு வச்சதோட சரியாம். இப்ப எது நல்லது எது கெட்டதுன்னு நீதான் சொல்லப் போறியாம்."

தமிழம்மா வெறும் சீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "யாரு சொன்னது?"

"பேரு வெளிய வரக்கூடாது. அதான் இதுல ருசின்னு ஒருத்தி சொல்லியிருக்கா."

மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. வெளியே கழிப்பறைக்குப் போகிறவர்கள் கழிப்பறைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்று தமிழம்மா சிரிக்கப் பார்த்தாள். "தண்டனை என்ன?"

"உனக்குத் தெரியாததா? சாவி உன்கிட்டதான் இருக்கு. மேல் தட்டுல, வார்த்தையைப் பிடுங்கற ஊர்க் கதை. எடுத்துட்டுப் போய்ப் படி. முழுசாக்கூட வேண்டாம். கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல ஒரு சினேகிதி வருவா. அதுவரைக்கும் படிச்சா போதும்."

தமிழம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். எடுக்கத்தான் செய்தாள். அலமாரி வரைக்கும் நடந்தாள். பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம். நடைபாதையில் இயற்பியல் மாஸ்டர் யாரிடமோ சிரித்துப் பேசுகிற குரல் கேட்டது. குரல் நெருங்கி வந்து, தாண்டிப் போயிற்று. அது போன பிறகும் அவள் பூட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"யாராவது பார்த்து மேடம்கிட்டச் சொல்லிட்டா?" என்று கிசுகிசுத்தாள்.

உஷ் மிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கொஞ்சம் இடம் விட்டுப் பார்த்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழம்மா திரும்பி வந்தாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். டிபன் டப்பாவை எடுத்து இடுக்கிக்கொண்டாள். "நாளைக்குப் பார்க்கலாம்டி" என்று சொல்லி, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சர்ரென்று சின்னச் சத்தம்தான். உஷ் மிஸ் விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றாள்.